மில் வாசலில் நான் சொன்ன பேர்

அப்பு,

நீயும் மருமகளும் வேடசந்தூருக்குக் குடி போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்தான். ஆனால் உன் அம்மா நீ கப்பல் ஏறிப் போனது போலத்தான் நடந்துகொள்கிறாள். இன்னமும் நாலு பேருக்கே உலை வைக்கிறாள். மிஞ்சின வெஞ்சனத்தை ராத்திரியும் எனக்கே போடுகிறாள். கேட்டால், "அம்புட்டுப் பேசத் தெரியுதுல்ல, திங்கவும் செய்யுங்க" என்கிறாள். அவள் கோபம் நியாயமானது. நீ எந்த ஊருக்குக் கிளம்பினாலும் என் முன்னால் வந்து தலையைக் குனிவாய், நான் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவேன். ஸ்கூலுக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். ஒன்பது நாளைக்கு முன்னால் நீ "வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருப்பாய். ஓர் எழுத்துக்கூடப் படிக்கவில்லை, அப்பு.

இந்தக் கடிதத்தை நம் சபையின் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதுகிறாரே என்று முகம் சுளிக்காதே. நான் ஒரு காரியத்தை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சபை நடுவில், மைக் பிடித்துத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதைத் திருத்துவதை மட்டும் உன் காதோடு முடித்துக்கொண்டால் அது கோழைத்தனம். மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பனுக்குப் புதுச் சாமான் மேல் இருக்கும் மோகம் உனக்குத் தெரியும். உபதேசியாராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் சபை எனக்குக் கொடுத்தது ஒரு சைக்கிளும் வசனம் அச்சடித்த ஒரு கட்டுக் கைப்பிரதியும்தான். கைப்பிரதியை வாங்குகிறவர்கள் அதில் கடலை மடித்துத் தின்பதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் பேகம்பூர் காதர் பாயிடம் போனேன். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். கோயில் கொடைக்கும் அவர்தான், பள்ளிவாசல் விசேஷத்துக்கும் அவர்தான், நம் கன்வென்ஷன் கூட்டத்துக்கும் அவர்தான். நான் பிரசங்கம் பண்ணும்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருப்பார். "உபதேசியாரே, செத்த கம்மியாப் பேசுங்க. ஆண்டவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்பார். நான் கேட்டால்தானே. அந்தக் குழாயில் என் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்கிறபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது ஆண்டவருக்காக வந்த சந்தோஷமா, என் குரலுக்காக வந்ததா என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு திரை கட்டிப் படம் காட்டினேன். பூப்பறிக்கிற கிராமங்களில் சனம் பாய் கொண்டுவந்து விரித்துப் பார்த்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் திரையைச் சுருட்டி வைத்துவிட்டு கேசட் போட்டேன், அப்புறம் சிடி. இப்போது நம் சபைக்கு யூடியூப் சேனல் இருக்கிறதென்றால் அதற்கும் நான்தான் நச்சரித்தேன். காலம் மாறுகிறது, ஊழியமும் மாற வேண்டும் என்று கமிட்டியில் நான் பேசாத மாதம் கிடையாது. எழுபதை நெருங்குகிற கிழவன் ரிங் லைட் வாங்கச் சொல்கிறான், முப்பது வயசு மகன் வேண்டாம் என்கிறான் என்று சபையில் நம்மைக் கேலி பண்ணுவார்கள். எனக்கும் அந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவனுக்கு நீ வந்து பிறந்தாய். வேடசந்தூர் மில்களில் இப்போது நம் பக்கத்து ஆட்கள் குறைந்து ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்து வேலை பார்க்கிறார்கள், அவர்கள் நடுவில் ஊழியம் செய்யப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தியில் பாட்டு, இந்தியில் வீடியோ, மில் பஸ்ஸில் ஒட்ட ஸ்டிக்கர் என்று என் மனசு எங்கேயோ போய்விட்டது. நீ என்ன செய்தாய்? மில்லுக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாய். ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கேன், டீப் போட ஒரு கெட்டில், செல்போன் சார்ஜ் போட ஒரு நீளப் பலகை. அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் உட்காருவார்கள், ஊருக்குப் பேசுவார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். நீ உன் தட்டுத்தடுமாறும் இந்தியில் பதில் சொல்வாய். அவர்களாக இயேசுவைப் பற்றிக் கேட்டால் பேசுவாய், கேட்காவிட்டால் டீ ஊற்றுவாய். ஒன்றரை வருஷமாகத் தினம் பஸ்ஸில் போய் இதைத்தான் செய்தாய். சுவரில் ஒரு வசனம்கூட இல்லை. கெட்டிலில் மட்டும் நம் சபைப் பேர் ஒட்டியிருந்தது, அதுவும் நான் ஒட்டினது.

போன மாதம் ஒரு நாள் உனக்குச் சொல்லாமல் நான் அங்கே வந்தேனே, அதைத்தான் இனி எழுத வேண்டும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மருமகளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். நீங்கள் இரண்டு பேரும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டீர்கள். கடைசியில் அவளே கையைக் கூப்பினாள், நீ கண்ணை மூடினாய். உன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சபை இதைப் பார்த்தால் எவ்வளவு உற்சாகப்படும் என்று நினைத்துச் செல்போனை எடுத்துப் பிடித்தேன். நீ எழுந்து வந்து லென்ஸின் மேல் கையை வைத்தாய்.

"வேண்டாம்ப்பா."

"ஜெபம் பண்றதத்தானடா எடுக்குறேன்?"

"வேண்டாம்ப்பா, உள்ள வைங்க."

பஸ்ஸில் திரும்பும்போது, சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டம், அதையாவது சொல், ஜெபக் குறிப்பில் சேர்க்கலாம் என்று கேட்டேன். "அவங்க எங்கிட்ட சொன்னதுப்பா. நான் எப்படிச் சொல்றது?" என்றாய். பெற்ற அப்பனிடம்கூடவா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தோடு கமிட்டிக்குப் போனேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு போட்டோ இல்லை, ஆண்டவர் செய்ததைச் சபையில் சொல்ல ஒரு சாட்சி இல்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குக்கூட இல்லை என்று எல்லார் முன்னாலும் அடுக்கினேன். "இது ஊழியமா, பஸ் ஸ்டாண்டு வெயிட்டிங் ரூமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அறையைத் தொடர்வதா மூடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த அறைக்குக் குழி தோண்டினது வேறு யாருமில்லை, நான்தான். முடிவு வருகிறவரைகூடக் காத்திராமல் நீ அங்கேயே வீடு பார்த்துக் குடி போய்விட்டாய். அதுதான் நீ எனக்குச் சொன்ன பதில் என்று புரிந்துகொண்டேன்.

நீ போன மறுநாள் மனசு கேட்காமல் காதர் பாயைப் பார்க்கப் போனேன். கடையை மகன் பார்க்கிறான், அவர் வீட்டோடு இருக்கிறார். காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். "எல்லாச் சாமிக்கும் மைக் செட் கட்டுனேன் உபதேசியாரே, இப்ப எந்தச் சாமி கூப்டாலும் நமக்குக் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். நான் உன்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் போயிருந்தேன். சத்தம் போட்டுச் சொன்னேன். கமிட்டியில் நான் பேசினதையும் பெருமையாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மாறிப்போனது.

"உபதேசியாரே, உங்க மகன் வால்யூமக் கொறைக்கிறான். அன்னைக்கு மில்லு கேட்டுல அது என்னால முடியல. நான் கைய வைக்குறதுக்குள்ள நீங்க அந்தப் புள்ள பேரச் சொல்லிப்புட்டீங்க."

பிறகு டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடித்தேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பு, மில் வாசல் சாட்சி உனக்கு மனப்பாடம். நான் அதைச் சபையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மில் வேலை பார்த்த ஒரு பெண், இரண்டு முறை கரு கலைந்தவள், ஜெபிக்கச் சொன்னாள். மில் வாசலில், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் பேரைச் சொல்லி நான் ஜெபித்தேன். ஆண்டவர் அவளுக்குக் குழந்தையைக் கொடுத்தார். சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். நாலு வயசில் நீ என் காலடியில் உட்கார்ந்து கை தட்டுவாய். உன்னை ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணின அன்று, "எங்க அப்பா மில் வாசலில் பண்ணின ஜெபம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது" என்று நீ பேசினாய். பேரோடு சொன்னாய். முதல் வரிசையில் உட்கார்ந்து நான் அழுதேன். பெருமையில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

நடந்தது வேறு. அந்தப் பெண் அந்த விஷயத்தை முதலில் சொன்னது உன் அம்மாவிடம். மூன்றாவது முறை உண்டாகி அப்போதுதான் மூன்று மாதம். மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த முறை நிலைத்த பிறகு சொல்லலாம் என்று பயந்து மறைத்து வைத்திருந்தாள். மில்லில் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், அந்த மில்லில் அப்போது அப்படித்தான் நடந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லி, "சாமிகிட்டச் சொல்லுங்க" என்று கேட்டாள். நான் சரி என்றேன். உன் அம்மா என்னிடம் தனியாக, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று வேறு சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் மில் வாசலில் குழாய் கட்டிப் பேசினேன். ஒரு ஷிஃப்ட் வெளியே வருகிறது, இன்னொரு ஷிஃப்ட் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து இறங்குகிறது. அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. முடிவு ஜெபத்தில் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அவள் பேரைச் சொல்லி, அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று முழங்கினேன். கண்ணைத் திறந்தபோது அவள் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தாள். கையில் தூக்குச்சட்டி. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், அப்பு. நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். வேலை போய்விட்டது. மில் பஸ்ஸில் வந்த யாரோ மாமியாரிடம் முந்திக்கொண்டு சொல்ல, மருமகள் வீட்டில் மறைத்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று அங்கே பெரிய சண்டையாகிவிட்டது. பழனிப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகக் கையில் பையோடு வந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சாமிகிட்டச் சொல்லச் சொல்லித்தானுங்க உங்ககிட்டச் சொன்னேன்."

"எல்லாரும் சேந்து ஜெபிச்சா நல்லதுன்னுதாம்மா..." என்று இழுத்தேன்.

"மைக்குல சொல்லிப்போட்டீங்க. சாமிக்கு முன்னாடி சூப்பர்வைசருக்குக் கேட்டுருச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உன் அம்மா அவளை பஸ் ஏற்றிவிடக் கூடப் போனாள். நான் போகவில்லை. சில மாதம் கழித்து அவளுக்குக் குழந்தை பிறந்ததாகக் காதில் விழுந்தது. உடனே அதைச் சாட்சியாக்கிச் சபையில் சொன்னேன். வேலை போனதைச் சொல்லவில்லை, பை தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதைச் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்க்கவும் இல்லை. சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மையாகிவிட்டது. நான் அந்தச் சாட்சியைச் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா எழுந்து நம் சபைக் கோயிலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவாள். தாகம் என்று நினைத்துக்கொள்வேன். நேற்று ராத்திரி அவளிடம் கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் தாகமா எடுக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். இத்தனை வருஷமும் உன்னிடம்கூட இதைச் சொல்லாமல் அவள் என் மானத்தைக் காத்திருக்கிறாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இதை உன்னிடம் சொல்ல நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்று உனக்கு இப்போது புரியும். அந்தக் கதையின் மேல் நீ உன் வாழ்க்கையை வைத்துவிட்டாய். அதை உருவினால் நீயும் சேர்ந்து விழுந்துவிடுவாயோ என்று பயம். ஆனால் அன்றைக்கு நீ லென்ஸின் மேல் வைத்த கையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது என் கதையிலிருந்து வந்த கை இல்லை. ஆண்டவர் உனக்குத் தனியாகவே ஏதோ கொடுத்திருக்கிறார். நான்தான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன் போல. இதைச் சொல்லும்போது மனசு லேசாகிறது.

காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று இத்தனை வருஷம் சொன்னவன் நான். குழாய் போய்த் திரை, திரை போய் கேசட், கேசட் போய் செல்போன் என்று சாமானை மாற்றினேனே தவிர, பேசுகிறவன் நான், கேட்கிறவர்கள் அவர்கள் என்பதை ஒரு நாளும் மாற்றவில்லை. நீ அதை மாற்றிவிட்டாய். இன்றைக்கு எல்லார் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது, ஒருத்தர் கண்ணீர் விட்டால் அரை மணி நேரத்தில் ஊரெல்லாம் பார்த்துவிடுகிறது. இந்தக் காலத்தில், பாஷை தெரியாத ஊரில், சொன்னால் வெளியே போகாது என்று நம்பி ஒரு பெண் வந்து அழுவதற்கு ஓர் இடம் இருக்கிறதென்றால், அதைவிடப் புதுசான ஊழியம் எனக்குத் தெரியவில்லை. வெயிட்டிங் ரூம் என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது.

சேனலை மூடச் சொல்லவில்லை. பாட்டுப் போடட்டும், பிரசங்கம் போடட்டும், படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். உனக்கும் ஒரு நாள் உற்சாகம் தலைக்கேறும், நீ என் மகன்தானே. யாராவது உன்னைப் பெரிதாகப் பாராட்டி, ஒரே ஒரு கதை சொல்லுங்க பிரதர், பேரை மாற்றிச் சொல்லுங்க என்று கேட்பார்கள். அன்றைக்குத் தூக்குச்சட்டியோடு கேட்டுக்குள் நின்றவளை நினைத்துக்கொள். அவள் பேரை நான் இங்கே எழுதவில்லை. சபையில் பாதிப் பேருக்கு அது தெரியும், என் வாயால் தெரிந்ததுதான். படிக்கிற எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன், இனி அந்தப் பேரைச் சொல்லாதீர்கள். நீயும் சொல்லாதே.

அடுத்த கமிட்டியில் நான் எழுந்து நிற்பேன். அறை தொடர வேண்டும், போட்டோ கேட்கக் கூடாது, கணக்குக் கேட்கக் கூடாது என்று சொல்வேன். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுவேன். உபதேசியார் இத்தனை வருஷம் பொய்ச் சாட்சியா சொன்னார் என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அப்புறமும் மூடச் சொன்னால், வேறு இடம் தேட நானும் உன்னோடு தெருத்தெருவாக வாரேன்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருவேன். உன் அம்மா பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்துவிட்டாள், மருமகளிடம் சொல். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். அந்தப் பாயில் இடம் இருக்கிற பக்கம் உட்காருவேன், அவசரமில்லை, வந்தவர்களையெல்லாம் முதலில் பார். எனக்கும் ஒரு ஜெபக் குறிப்பு இருக்கிறது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். உன் காதில் சொல்கிறேன், உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாதே. கேட்டு முடித்ததும் என் தலையில் கையை வைத்து, சத்தம் வராமல் ஜெபம் பண்ணு.

உன் அப்பா